அட்வான்ஸ் கொடுத்த சைட்டில் யானைச் சாணம்: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை, வயது 41. கணவர் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பத்து வருடச் சேமிப்பை நம்பி, நகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவில் நாலே முக்கால் சென்ட் சைட் பேசியிருக்கிறார்கள். விலை 22 லட்சம். முன்பணம் 4 லட்சம் கொடுத்தாயிற்று. 3 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் ரொக்கமாக. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகியிருக்கிறது, பதிவு செய்யவில்லை. மீதியைக் கட்டிக் கிரயம் முடிக்க இன்னும் 40 நாள் கெடு இருக்கிறது. கெடு தவறினால் முன்பணம் திரும்பாது என்று ஒரு வரியும் அதில் உண்டு.

போன மாதம் மகளோடு சைட்டைப் பார்க்கப் போனபோது எல்லைக்கல் பக்கத்தில் யானைச் சாணம் கிடந்திருக்கிறது. பக்கத்து சைட்டின் காம்பவுண்டுச் சுவர் இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. ஒன்பது வயதுப் பாப்பா அதையெல்லாம் கைபேசியில் படமெடுத்துவிட்டு, "நம்ம வீடு கட்டிட்டா யானை எந்தப் பக்கமாம்மா போகும்?" என்று கேட்டாளாம்.

மனைப்பிரிவு போட்டவரிடம் விசாரித்திருக்கிறார்கள். "இது பட்டா நிலம். ஃபாரஸ்ட் எல்லை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு. சுத்தி கரண்ட் வேலி போட்டுடுவோம். அதையும் மீறி வந்தா வனத்துறைக்கு ஒரு போன் அடிச்சா புடிச்சிட்டுப் போயிடுவாங்க" என்று பதில் வந்திருக்கிறது. கணவரோ, "ஜனத்தொகை பெருகிட்டே போகுது, மனுசன் எங்கதான் போறது? யானையும் பெருகிடுச்சு, அதான் ஊருக்குள்ள வருது" என்கிறார். வாசகி கேட்பது இரண்டு: முன்பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? எங்கள் ஒரு வீட்டால் காட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் இன்னும் கிரயம் செய்யவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்த விஷயம். பத்திரம் பதிவான பிறகு இதே கடிதத்தை எழுதுகிறவர்களுக்கு என்னால் பாதி உதவிதான் செய்ய முடிகிறது. உங்களுக்கு எல்லாக் கதவும் இன்னும் திறந்திருக்கிறது. ஆனால் அந்த 40 நாள் கெடுவைச் சும்மா கடக்க விட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பட்டா என்றால் என்ன, என்ன இல்லை

பட்டா, நிலம் யாருடையது என்பதற்கான வருவாய்த்துறைச் சான்று. அந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை அது சொல்லாது. 1990-ல் தமிழக அரசு மலையை ஒட்டிய கிராமங்களைப் பட்டியலிட்டு, ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் கொண்டுவந்தது. கோவைக்கு மேற்கே உள்ள கிராமங்கள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அங்கே பட்டா நிலமாகவே இருந்தாலும், வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் ஆகிய துறைகளின் கருத்தைக் கேட்டு, ஹாக்கா அனுமதி வந்த பிறகுதான் மனைப்பிரிவு போட முடியும். ஒப்பந்தத்தில் உங்கள் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இருக்கும். அந்தக் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை நான் முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்ட வரைபடம் அங்கீகாரம் ஆகாது. அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த 2017-ல் வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குத்தான். உங்கள் மனைப்பிரிவு புதிது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அந்த வழி இதற்குப் பொருந்தாது.

பட்டா வைத்திருந்தும் கட்டடத்தை இழந்தவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மசினகுடிப் பக்கம் போனால் போதும். சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் தொடர்பான வழக்கில் வழித்தட நிலத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னதை, 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே தனியார் நிலம் வாங்கிக் கட்டியவர்களும், "எங்களிடம் பட்டா இருக்கிறது" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எல்லா அடிவார நிலத்துக்கும் அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அங்கே அரசு வழித்தடத்தை அறிவித்திருந்தது. உங்கள் சைட் அப்படி அறிவிக்கப்பட்ட இடமா என்பது சர்வே எண்ணை வைத்து விசாரித்தால்தான் தெரியும். ஆனால் இன்று அறிவிக்காத இடத்தை நாளை அறிவிக்க மாட்டார்கள் என்று யாரும் உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எல்லை

காப்புக்காட்டின் எல்லைக்கல் யானைக்குத் தெரியாது. அந்த எல்லைகளில் பெரும்பாலானவை வெள்ளைக்காரன் காலத்தில், 1882-ஆம் வருடத்து வனச்சட்டத்தை வைத்து, மரத்தையும் வருவாயையும் கணக்குப் பார்த்துப் போட்டவை. யானை எங்கே நடக்கிறது என்று பார்த்துப் போட்டவை அல்ல.

நம் மேற்குப் பக்கத்து நில அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலே செங்குத்தான மலை, கீழே நகரம். செங்குத்துச் சரிவை யானை முடிந்தவரை தவிர்க்கும். அட்டப்பாடிப் பக்கமிருந்து ஆனைகட்டி, தடாகம், மேட்டுப்பாளையம் என்று சத்தியமங்கலம் வரைக்கும் போய்வர, மலைக்கும் ஊருக்கும் நடுவில் இருக்கிற ஒடுக்கமான சமதளம்தான் அதற்கு வசதியான பாதை. தினமும் 150 கிலோ அளவுக்குத் தின்று, 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கிற உயிர் ஒரே இடத்தில் நிற்க முடியாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். நாம் "காட்டு ஓரம்" என்று விலை பேசுகிற இடம் அதற்கு நடுவழி.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் எல்லைத் தகராறு வழக்கில் நீதிமன்றம் என்னை வழக்கறிஞர் ஆணையராக நியமித்தது. இடத்தை நேரில் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவு, காலை ஆறரை மணி. அறுபது சைட் போட்டிருந்தார்கள், வீடு ஏழோ எட்டோதான். ஆனால் சுற்றிலும் ஏழடிச் சுவர். இரவு பெய்த தூறலில் செம்மண் இளகியிருந்ததால் தடம் அச்சுப் போல விழுந்திருந்தது. கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்தார். அந்தக் கயிற்றைப் போல இரண்டு மடங்கு வைத்தால் யானையின் தோள் உயரம் என்றார். எட்டடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. "பொம்பளை ஆனைங்க. கூட குட்டி இருக்கு பாருங்க" என்று பக்கத்தில் சின்னத் தட்டு அளவுக்கு இருந்த தடத்தைக் காட்டினார்.

அந்தத் தடம் சுவரை ஒட்டியே போனது. நானூறு அடி தூரம். சுவரில் என் தலைக்கு மேலே வரைக்கும் சேறு தேய்ந்திருந்தது. எங்கே வழி விடுகிறது என்று தடவிக்கொண்டே போயிருக்கிறது. சுவர் முடிகிற இடத்தில் அடுத்த மனைப்பிரிவின் கம்பிவேலி. அங்கே ஒரே இடத்தில் மண் குழைந்து கிடந்தது, ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும். பிறகு தாயும் குட்டியும் வந்த வழியே திரும்பி, தார்ச்சாலையில் ஏறி, பால் சொசைட்டிக்குப் பக்கத்துச் சந்துக்குள் போயிருந்தன. மறுநாள் செய்தியில் "ஊருக்குள் புகுந்த யானை" என்று வந்தது.

எங்கள் ஒரு வீட்டால் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அந்த நானூறு அடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்தச் சுவரை யாரும் தனியாகக் கட்டவில்லை. அறுபது பேர் ஆளுக்கு ஒரு சைட் வாங்கினார்கள், அதில் பத்துப் பேர்கூட அங்கே குடியிருக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னது

அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை வீட்டில் பிள்ளையை வளர்த்து, சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. கோவை நகர்ப்பகுதியின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 14.6 லட்சம், 2011-ல் 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இத்தனை பேரும் எங்காவது இருந்துதான் ஆக வேண்டும்.

ஆனால் இரண்டு விஷயத்தை அவரிடம் சொல்லுங்கள். ஒன்று, தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் எப்போதோ குறைந்துவிட்டது. சராசரியாக ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தைகூட இல்லை. நகரம் பெரிதாவதற்குக் காரணம் வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், தனித்தனியாகப் பிரிகிற குடும்பங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, நிலத்தைத் தங்கம் போல வாங்கிப் போட்டு வைக்கும் பழக்கம். அடிவாரத்தில் பெரிய பரப்பை வளைத்திருப்பவை கல்லூரி வளாகங்கள், ரிசார்ட்டுகள், வார இறுதிக்கு மட்டும் திறக்கிற வில்லாக்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் இருளர் குடியிருப்புகளைப் போய்ப் பாருங்கள்: சின்ன வீடுகள், நடுவில் தாராளமாக வழி. தலைகளின் எண்ணிக்கையை விட, ஒரு தலைக்கு எவ்வளவு நிலத்தை வேலி போட்டு அடைக்கிறோம் என்பதுதான் காட்டைப் பாதிக்கிறது.

இரண்டு, யானை பெருகிவிட்டது என்ற பேச்சு. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2017-ல் 2,761 யானைகள், 2025-ல் 3,170. கூடியிருப்பது உண்மைதான். ஆனால் இது மாநிலம் முழுமைக்குமான கணக்கு. எட்டு வருடத்தில் நானூறு சொச்சம். அதே எட்டு வருடத்தில் தடாகம் சாலையில் எத்தனை மனைப்பிரிவு விளம்பரப் பலகை முளைத்தது என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண் தோண்டிய குழிகள், 2021-ல் சூளைகள் மூடப்பட்ட பிறகும் அப்படியே கிடக்கின்றன. யானை அந்தக் குழியைச் சுற்ற வேண்டும், அப்புறம் சுவரைச் சுற்ற வேண்டும், அப்புறம் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும்.

வேலியும் போனும்

கரண்ட் வேலி என்று அவர் சொன்னது எதை என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு தோட்டத்து வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன, இரண்டு குட்டிகள் அந்த உடல்களை விட்டு அகலாமல் சுற்றிச் சுற்றி வந்தன. தோட்டக்காரர் கைதானார். யானை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் 3 முதல் 7 வருடம் வரை சிறை. சோலார் வேலி வேறு. அதிர்ச்சி கொடுக்கும், உயிரை எடுக்காது. ஆனால் 2023-ல் வந்த விதிகளின்படி, காட்டை ஒட்டிய பகுதியில் அதற்கும் வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். மனைப்பிரிவு போட்டவர் சைட்டையெல்லாம் விற்றுவிட்டுப் போய்விடுவார். வேலி உங்கள் எல்லையில் ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது நடந்தால் விசாரணைக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்பதற்குச் சின்னத்தம்பி யானையின் கதை போதும். கோவைக்காரர்களுக்கு மறந்திருக்காது. 2019 ஜனவரியில் தடாகம் பக்கத்தில் அவனைப் பிடித்து, ஆனைமலைக் காட்டுக்குள் வரகளியாறு பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே வாரத்தில் காட்டை விட்டு இறங்கி, உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து நின்றான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து, கூண்டில் அடைத்துப் பழக்கிக் கும்கியாக்கினார்கள். அவன் போய்விட்டான் என்பதற்காகத் தடாகத்துக்கு யானை வருவது நின்றதா? பாதை அங்கேயே இருக்கிறது, அடுத்த யானை வருகிறது.

அபாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யானை மோதி இறப்பவர்களில் அதிகம் பேர் அதிகாலையில் வெளியே போனவர்கள், இருட்டில் வண்டி ஓட்டி வந்தவர்கள், நாய் குரைக்கிறதே என்று கதவைத் திறந்தவர்கள். நீங்கள் பள்ளி முடிந்து ஆறரைக்கு மேல் வீடு திரும்புவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு கிலோமீட்டர் சாலையில் தெருவிளக்கு இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பணத்துக்கு என்ன வழி

இப்போது கெடு விஷயம். பேசாமல் 40 நாளை ஓட்டிவிட்டால், "வாங்க வேண்டியவர் பின்வாங்கிவிட்டார்" என்று சொல்லி முன்பணத்தைப் பிடித்துவைக்க அவருக்கு அந்த ஒரு வரியே போதும். அதனால் இந்த வாரமே ஒரு வழக்கறிஞர் வழியாக ஸ்பீடு போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்புங்கள். "வேண்டாம்" என்று அதில் எடுத்தவுடன் எழுதாதீர்கள். "கிரயத்துக்குத் தயாராக இருந்தோம், நகர் ஊரமைப்பு ஒப்புதல், ஹாக்கா அனுமதி, வனத்துறையின் தடையின்மைக் கடிதம், ரெரா பதிவு எண் இவற்றின் நகல்களை 15 நாளுக்குள் கொடுங்கள், கொடுக்க முடியாவிட்டால் முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தாருங்கள்" என்று எழுத வேண்டும். தவறு யார் பக்கம் என்பது அந்தக் கடிதத்தோடு மாறிவிடும்.

உங்களுக்குச் சாதகமாக மூன்று பிடிகள் இருக்கின்றன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, ரெரா என்று சொல்லும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 22 லட்சத்துக்கு 2.2 லட்சம்தான், அவர் வாங்கியிருப்பது 4 லட்சம். விளம்பரத்தில் "முழு அங்கீகாரம்" என்று போட்டிருந்து அது பொய்யானால், வட்டியோடு திரும்பக் கேட்கும் உரிமையும் அங்கேயே உண்டு. மனைப்பிரிவைப் பதிவு செய்யவில்லை என்றாலும் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தம் பதிவாகாததால் அதை வைத்து "எனக்கு சைட்டை எழுதிக்கொடு" என்று வாதாடுவது சிரமம், ஆனால் பணம் கைமாறியது என்று காட்ட அது உதவும்.

ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். ஒப்பந்தத்தில் முன்பணம் 4 லட்சம் என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம். நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கியதற்கு வருமான வரிச் சட்டப்படி அபராதம் வாங்கினவருக்குத்தான். இதை உங்கள் வழக்கறிஞர் அறிவிப்பில் ஒரு வரி குறிப்பிட்டாலே பல நேரங்களில் பேச்சு இறங்கி வந்துவிடும்.

கிரயம் ஆன பிறகு இந்தப் பிடிகள் தளர்ந்துவிடும். விற்கிறவர் தனக்குத் தெரிந்த முக்கியக் குறையை மறைக்கக் கூடாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே தெரிகிற குறைக்கு அது பொருந்தாது. சாணத்தையும் சரிந்த சுவரையும் நீங்களே பார்த்துவிட்டீர்கள். "பார்த்துத்தானே வாங்கினார்கள்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் என்னிடமும் நல்ல பதில் கிடையாது.

எல்லா அனுமதியும் உண்மையிலேயே இருந்துவிட்டால்?

அப்படியும் நடக்கலாம். அப்போது முடிவு உங்களுடையது, சட்டம் குறுக்கே நிற்காது. ஆனாலும் நான் உங்கள் அண்ணன் ஸ்தானத்தில் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதே 22 லட்சத்துக்கு நகரத்துக்குள் பழைய அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு, கடன் கொஞ்சம் சேர்த்தால், தேடினால் கிடைக்கும். மண் சொந்தமாக இருக்காது என்ற குறை உண்டு. பேருந்து இருக்கும், தண்ணீர் இருக்கும், பாப்பா சாயங்காலம் வெளியே விளையாடலாம்.

வாங்குவது என்றே தீர்மானித்தால், பள்ளத்தை ஒட்டிய சைட்டைத் தொடவே வேண்டாம். யானை பெரும்பாலும் ஓடைப் பள்ளத்தைப் பிடித்துத்தான் இறங்கும். ஆளுயரச் சுவரைத் தவிருங்கள். வாழை, பலா வைக்காதீர்கள். அரிசி மூட்டையைச் சமையலறை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், அந்த வாசனைக்குத்தான் சுவரையே உடைக்கும். குப்பையை வெளியே கொட்டவே கூடாது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை இறந்தது. வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக், கருப்பையில் குட்டி. காட்டுக்குள் யாரும் அந்தப் பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய்ப் போடவில்லை, வீடுகள் கொட்டிய குப்பைமேட்டில் தின்றது.

வாங்காவிட்டாலும் உங்களால் ஒன்று செய்ய முடியும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, அந்த சர்வே எண்ணுக்கு ஹாக்கா அனுமதி கொடுக்கப்பட்டதா, வனத்துறை என்ன கருத்துச் சொன்னது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் வழக்குக்கும் அது உதவும், மீதி சைட்டுகளுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

பாப்பாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எல்லா சைட்டிலும் வீடும் சுவரும் வந்துவிட்டால் யானை போக அங்கே ஒரு பக்கமும் மிஞ்சாது, அது சாலையில்தான் ஏறும். அவள் எடுத்த படங்களைக் கைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். நாளும் நேரமும் அதில் பதிவாகியிருக்கும். எதையும் திருத்தாமல், அளவு குறைக்காமல், மூலப்படத்தையே ஒரு பென்டிரைவில் ஏற்றி, ஒப்பந்த நகல், வங்கிக் கணக்கு விவரம், விளம்பரத் தாள் இவற்றோடு சேர்த்து வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள்.